திணறடிக்கும் வினை: 'பேஃபிள்' என்ற சொல்லும் அதன் உறவுகளும்

துப்பு எதுவும் கிடைக்காத ஒரு வழக்கைப் பற்றி ஆங்கில நாளிதழ் எழுதினால், தலைப்பில் 'பேஃபிள்' என்ற வினை எப்படியாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே செய்திக்குத் தமிழ் நாளிதழ் 'போலீசார் திணறல்' என்று தலைப்புப் போடும். பதிப்பு அச்சுக்குப் போகிற அவசரத்தில், அகராதியைத் தொடாமல் உதவி ஆசிரியர் எழுதும் தலைப்பு அது. என்னைக் கேட்டால், அந்த ஆங்கில வினைக்குத் தமிழில் கிடைத்திருக்கும் மிகப் பொருத்தமான சொல் அதுதான். மாணவர்கள் கையில் புழங்கும் சிறு அகராதிகள் பெரும்பாலும் 'குழப்பு', 'திகைக்கவை' என்ற இரண்டோடு நின்றுவிடுகின்றன. பிவில்டர், பெர்ப்ளெக்ஸ், கன்ஃபவுண்ட், பஸில், மிஸ்டிஃபை என்று அடுத்தடுத்து எதைத் தேடினாலும் அந்த இரண்டே திரும்பத் திரும்ப வரும்.

மனம் மேலே செல்ல முடியாமல் நிற்பதற்கு ஆங்கிலத்தில் இத்தனை வினைகள் இருப்பது வெறும் சொல்வளத்துக்காக இல்லை. தேடித் தேடியும் கைக்கு எட்டாமல் நிற்பது ஒரு நிலை. வழி தவறி நிற்பது வேறு. சிக்கலில் மாட்டிக்கொள்வது, இது எது அது எது என்று பிரித்தறிய முடியாமல் போவது எல்லாம் தனித்தனி நிலைகள். எந்த வினை எந்த நிலைக்கு உரியது என்பது அதன் பிறப்பிலும், வாக்கியத்தில் அது நடந்துகொள்ளும் விதத்திலும் தெரிகிறது. மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு காணாமல் போகும்போது சொல் மட்டும் போவதில்லை. யார் எப்படி மாட்டிக்கொண்டார் என்ற செய்தியே போய்விடுகிறது.

பேஃபிள் பிறந்தபோது அதற்கும் புதிருக்கும் தொடர்பே கிடையாது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது எழுத்தில் தென்படத் தொடங்கியபோது அதன் பொருள், ஊரறிய அவமானப்படுத்துவது. 1548இல் வெளியான எட்வர்ட் ஹாலின் வரலாற்று நூல் இதை ஸ்காட்லாந்துக்காரர்களின் வழக்கம் என்கிறது. சத்தியம் தவறியவன் ஒருவனின் உருவத்தைத் தலைகீழாக, குதிகால் மேலே இருக்கும்படி வரைந்து, கூடவே அவன் பெயரையும் எழுதிவைப்பார்கள். அந்தத் தண்டனைக்குப் பெயர்தான் இது. இழிவுபடுத்துவதைக் குறிக்கும் ஸ்காட்டியச் சொல் ஒன்றிலிருந்து இது வந்திருக்கலாம் என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். ஏளனம் செய்வதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையோடு உறவு சொல்பவர்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் அடியில் கிடப்பது அவமானம்தான்.

எட்மண்ட் ஸ்பென்சரின் 'ஃபேரி குவீன்' காவியத்தின் பிற்பகுதி 1596இல் வந்தது. அதில் டர்பைன் என்ற வஞ்சகனைப் பிடிக்கும் ஆர்தர், அவனை மரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுகிறான், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கட்டும் என்று. அங்கே ஸ்பென்சர் கையாளும் வினை இதே பேஃபிள்தான். ஹால் சொன்ன ஓவியத் தண்டனை இங்கே உடலுக்கே வந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப், தான் சொன்னதைச் செய்யாவிட்டால் தன்னை பேஃபிள் செய்துகொள்ளலாம் என்று சவால் விடுகிறான். குழப்பிவிடுங்கள் என்று யாரும் சவால் விடுவதில்லை. மானத்தை வாங்குங்கள் என்றுதான் அவன் சொல்கிறான்.

இந்தச் சொல் திரும்பிய முனை எது என்று கேட்டால், 1601 வாக்கில் எழுதப்பட்ட 'ட்வெல்த் நைட்' நாடகத்தைக் காட்டுவேன். ஒலிவியா என்ற சீமாட்டியின் வீட்டுக் காரியஸ்தர் மால்வோலியோ. எஜமானியம்மாவுக்குத் தன்மேல் காதல் என்று அவரை நம்பவைக்க, மரியா என்ற பணிப்பெண் எஜமானியின் கையெழுத்தைப் போலவே ஒரு கடிதம் எழுதிப் போடுகிறாள். கடிதத்தில் சொன்னபடி மஞ்சள் காலுறை மாட்டி, குறுக்குப் பட்டை கட்டி, ஓயாமல் சிரித்துக்கொண்டு அவர் எஜமானி முன்னால் போய் நிற்கிறார். பைத்தியம் என்று சொல்லி அவரை இருட்டறையில் அடைக்கிறார்கள். கடைசியில் கடிதத்தைப் பார்த்து உண்மை தெரிந்துகொள்ளும் ஒலிவியா, உன்னை எப்படி பேஃபிள் செய்துவிட்டார்கள் என்று இரங்குகிறாள். இன்று படிப்பவருக்கு 'எப்படிக் குழப்பிவிட்டார்கள்' என்று படும். அன்றைய ரசிகருக்கு 'எப்படிச் சந்தி சிரிக்கவைத்துவிட்டார்கள்' என்று கேட்டிருக்கும். ஆனால் அந்தக் காட்சியில் இரண்டுமே உண்மை. அவர் ஏமாற்றப்பட்டார், அதனாலேயே அவமானப்பட்டார். அவமானத்திலிருந்து ஏமாற்றத்துக்கும், அங்கிருந்து திகைப்புக்கும் சொல் நகர்ந்த பாதை ஒரே பாத்திரத்தின்மேல் விழுந்து கிடக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் அந்த நகர்வு வேகம் பிடித்தது. மானபங்கம் என்ற பொருள் தேய்ந்து, ஒருவருடைய முயற்சியை முறியடிப்பது என்ற பொருள் வலுத்தது. பின்னாளில் கப்பல்காரர்கள் நிலையில்லாமல் திசை மாறிக்கொண்டே இருக்கும் மென்காற்றுக்கு இந்த வினையின் எச்சவடிவத்தையே பெயராக வைத்தார்கள். அந்தக் காற்று கப்பலைக் கவிழ்ப்பதில்லை, உடைப்பதில்லை. பாயை ஒரு பக்கம் திருப்பினால் அது இன்னொரு பக்கம் வீசும். மாலுமிகள் நாள் முழுக்க உழைத்தும் கப்பல் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தச் சொல்லின் இன்றைய பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியவில்லை.

19ஆம் நூற்றாண்டில் பொறியாளர்கள் இதைப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். திரவமோ வாயுவோ ஒலியோ நேராகப் பாயாதபடி மறிக்கும் தகடு எதுவானாலும் அது பேஃபிள். நெடுஞ்சாலையில் போகும் எண்ணெய் டேங்கர் லாரியை எடுத்துக்கொள்ளலாம். தொட்டி பாதி நிரம்பியிருக்கும்போது ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் லாரி நிற்கப் பார்க்கும். உள்ளே இருக்கும் பல ஆயிரம் லிட்டர் நிற்காது. அது முன்சுவரில் போய் மோதி லாரியை முன்னால் தள்ளும், பிறகு பின்னால் திரும்பி இழுக்கும். இதைத் தணிப்பதற்காகத் தொட்டிக்குள் ஓட்டை போட்ட குறுக்குத் தகடுகளை வைத்துப் பற்றவைப்பார்கள். திரவம் அந்த ஓட்டைகள் வழியே போகலாம், வரலாம். ஆனால் ஒரே வீச்சாகப் பாய முடியாது. வேகம் சிதறிவிடும். ஒலிபெருக்கியிலும் இதே கதைதான். கூம்பின் முன்பக்கம் எழும் அலையும் பின்பக்கம் எழும் அலையும் எதிரெதிரானவை. இரண்டும் சந்தித்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அவை சந்திக்காதபடி நடுவே மறிக்கும் பலகைக்கும் இதே பெயர். தொலைநோக்கிக்குள் வேண்டாத ஒளியைத் தடுக்கும் வளையங்களுக்கும், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பறவைத் தீனிக் கம்பத்தில் அணில் ஏறாமல் இருக்கக் கவிழ்த்துவைக்கும் கூம்புக்கும் அதே பெயர்தான்.

இத்தனை பயன்பாட்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு விசை ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கிறது; அது முறியடிக்கப்படுகிறது. அதனால்தான் முயற்சியே செய்யாதவரை பேஃபிள் செய்ய முடியாது என்கிறேன். கேள்வித்தாளைத் திறந்தே பார்க்காத மாணவருக்கு இந்த வினை பொருந்தாது. நான்கு வழியிலும் போட்டுப் பார்த்து, நான்கிலும் விடை வராமல் பேனாவைக் கீழே வைத்த மாணவருக்குப் பொருந்தும். மூச்சு முட்டப் போராடுவதைக் குறிக்கும் 'திணறு' என்ற சொல்லில் இந்தப் போராட்டம் இருக்கிறது. 'குழம்பு' என்பதில் அது இல்லை.

உறவுக்காரச் சொற்களில் பிவில்டர் காட்டிலிருந்து வந்தது. ஆளரவமற்ற வனத்தைக் குறிக்கும் 'வில்டர்னஸ்' என்ற பழைய சொல்லிலிருந்து, ஒருவரைத் திசை தெரியாத இடத்துக்கு இட்டுச்செல்வது என்ற வினையை 17ஆம் நூற்றாண்டில் உருவாக்கிக்கொண்டார்கள். இன்றும் அந்தச் சொல்லில் பரப்பு இருக்கிறது. ஒரே ஒரு கடினமான கேள்வி ஒருவரை பேஃபிள் செய்யலாம். பிவில்டர் செய்வதற்கு ஒன்று போதாது. கிராமத்திலிருந்து முதல்முறையாகப் பெருநகர ரயில் நிலையத்தில் இறங்கியவரைச் சுற்றி நடைமேடைகளும் அறிவிப்புகளும் கூட்டமும் ஒரே நேரத்தில் மொய்ப்பதுதான் பிவில்டர். 'திக்குத் தெரியாமல் நின்றார்' என்று தமிழில் எழுதினால் ஆங்கிலச் சொல்லின் வேர்வரை வந்துவிடும்.

பெர்ப்ளெக்ஸ் லத்தீனில் நூலோ கயிறோ பின்னிக் கிடப்பதிலிருந்து வருகிறது. அதனால் இழைகள் பல இருந்து, ஒன்றை இழுத்தால் இன்னொன்று இறுகும் சிக்கலுக்கு அது ஏற்றது. அறநெறிச் சிக்கல்களிலும் சட்டச் சிக்கல்களிலும் அந்தச் சொல் அதிகம் புழங்குவது இதனால்தான். இதன் பெயர்ச்சொல்லை 1977இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஃபிரெடரிக் ஜெலினெக்கும் உடன்பணியாற்றியவர்களும் பேச்சறிதல் ஆய்வுக்காக ஓர் அளவையாக மாற்றினார்கள். அடுத்து வரப்போகும் சொல் எது என்பதில் ஒரு மொழிமாதிரிக்கு இருக்கும் தடுமாற்றத்தை அது எண்ணாகச் சொல்கிறது. அந்த எண் 10 என்றால், சம வாய்ப்புள்ள 10 சொற்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு மாதிரி தடுமாறுகிறது என்று பொருள். இன்றைய செயற்கை நுண்ணறிவு ஆய்விலும் இந்த அளவை வழக்கத்தில் இருக்கிறது.

கன்ஃபவுண்டும் கன்ஃபியூஸும் உடன்பிறப்புகள். ஒன்றாக ஊற்றிக் கலப்பது என்ற ஒரே லத்தீன் வினையிலிருந்து இரண்டும் வந்தன. கன்ஃபவுண்ட் முந்தி வந்து, அழிப்பது, சபிப்பது என்ற கடுமையான பொருள்களைச் சுமந்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் பாபேல் கோபுரம் கட்டியவர்களின் மொழியைக் கடவுள் கலைக்கும் இடத்தில் இருப்பது இந்தச் சொல்தான். தமிழ் பைபிள் அங்கே 'தாறுமாறாக்கு' என்ற வினையைப் பயன்படுத்துகிறது. நல்ல தேர்வு. தனித்தனியாக இருக்க வேண்டியவை ஒன்றோடொன்று கலந்துபோவது அதில் கண்முன் தெரிகிறது. பிரிட்டனின் தேசிய கீதத்தின் இரண்டாம் பாட்டிலும் பகைவரின் சூழ்ச்சிகளைக் குலைத்துவிடும்படி இறைவனை வேண்ட இதே வினை வருகிறது. மனிதரைக் குழப்புவதற்கு கன்ஃபியூஸ் பரவலாக வழக்கில் வந்தது 1800க்குப் பிறகுதான். கன்ஃபவுண்ட் பிறகு அறிவியலில் மறுவாழ்வு பெற்றது. ரோதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர், வயல்சோதனைகளில் இரு காரணிகளின் விளைவுகள் பிரிக்க முடியாமல் கலந்துபோவதற்கு இந்தச் சொல்லை எடுத்தாண்டார். மருத்துவப் புள்ளியியலில் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு: காபி அதிகம் குடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் அதிகம் தெரிந்தால் குற்றவாளி காபி அல்ல, காபியோடு சேர்ந்து வரும் புகைப்பழக்கம். ஊற்றிக் கலந்ததைப் பிரித்தெடுப்பதுதான் அங்கே வேலை.

பஸில் என்ற சொல்லைப் பற்றிப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். புதிர் என்ற பொருள் முதலில் இருந்து, அதிலிருந்து வினை வந்ததாகத் தோன்றும். உண்மையில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வினை இருந்தது. விளையாட்டுப் பொருளைக் குறிக்கும் பெயர் மிகவும் பிந்தியது. லண்டனில் 1760களில் ஜான் ஸ்பில்ஸ்பரி வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகள் வழியே அறுத்துச் சிறுவர்களுக்கு விற்றார். அதை அன்று 'துண்டாக்கிய வரைபடம்' என்றுதான் அழைத்தார்கள், பஸில் என்று சொல்லவில்லை. 'மேஸ்' என்ற சொல்லும் இப்படித்தான். முதலில் அது மயங்கிய மனநிலை, பிறகே சுற்றுவழிப் பாதை. பிவில்டர் இடத்திலிருந்து மனத்துக்கு வந்தது. இவை மனத்திலிருந்து பொருளுக்கும் இடத்துக்கும் போயிருக்கின்றன.

கொச்சை வழக்கிலிருந்து ஏறிவந்த சொற்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. ஏமாற்றிக் குழப்புவதைச் சொல்லும் பேம்பூசில் புதிதாக வந்தபோது, ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் 'டாட்லர்' இதழில் மொழியைக் கெடுக்கும் சொற்களில் ஒன்றாக அதைச் சேர்த்துக் கண்டித்தார். கண்டனத்தைத் தாண்டி அது முந்நூறு ஆண்டுகளாக வாழ்கிறது. ஃபிளமக்ஸ் அச்சில் பரவியதில் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலுக்குப் பங்குண்டு. அதில் டோனி வெல்லர் அதை இத்தாலியச் சொல் என்றே சாதிக்கிறார். அதன் உண்மையான ஊர் இங்கிலாந்தின் மேற்குப் பகுதி வட்டார வழக்காக இருக்கலாம் என்பது அறிஞர் ஊகம். லத்தீன்போல் ஒலிக்கச் செய்த அமெரிக்க உருவாக்கம் டிஸ்கம்பாபுலேட். மில்வாக்கி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்து கழற்றியவற்றை மீண்டும் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு அதன் எதிர்ச்சொல்லை உருவாக்கிப் பலகை வைத்திருக்கிறார்கள்.

நான்பிளஸ் மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. லத்தீனில் 'இதற்கு மேல் இல்லை' என்பது அதன் பொருள். பேச்சோ செயலோ ஒரு கட்டத்தோடு நின்றுபோன நிலைக்கு அது பொருந்தியது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பலர் இதை நேர் எதிராக, கொஞ்சமும் அசராமல் இருப்பது என்ற பொருளில் வழங்கத் தொடங்கினார்கள். முன்னால் நிற்கும் 'நான்' என்ற பகுதி எதிர்மறையாகக் காதில் விழுந்ததே காரணமாக இருக்க வேண்டும். இன்று இரண்டு பொருளும் வழக்கில் இருப்பதால், இந்தச் சொல் வரும் வாக்கியத்தை மொழிபெயர்ப்பவர் முன்பின் வாக்கியங்களையும் எழுதியவரின் நாட்டையும் பார்க்காமல் தொடக்கூடாது.

இனி இலக்கணம். அஞ்சுவது, வியப்பது போன்ற மனநிலை வினைகள் ஆங்கிலத்தில் இரு அணியாக நிற்கின்றன. ஓர் அணியில் உணர்பவர் எழுவாய். இன்னோர் அணியில் உணர்வைத் தூண்டும் பொருள் எழுவாய், உணர்பவர் செயப்படுபொருள். பெத் லெவின் 1993இல் ஆங்கில வினைகளை வகைப்படுத்தியபோது இந்த இரண்டாம் அணி மிகப் பெரியதாக அமைந்தது. பேஃபிளும் அதன் உறவுகளும் அதில்தான் இருக்கின்றன. ஆகவே ஆங்கிலத்தில் 'நான் பேஃபிள் செய்கிறேன்' என்றால் நான் பிறரைத் திணறடிக்கிறேன் என்றாகும். நான் திணறுகிறேன் என்று சொல்ல, திணறடிக்கப்பட்டேன் என்ற செயப்பாட்டு வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும். பஸில் மட்டும் ஓரளவு விலக்கு. ஒரு சிக்கலை முன்னால் வைத்து நெடுநேரம் யோசித்தேன் என்று சொல்ல அதை நேராகப் பயன்படுத்தலாம்.

தமிழ் மாணவர்கள் 'ஐ ஆம் கன்ஃபியூஸிங்' என்று சொல்லித் திட்டு வாங்குவதன் காரணம் இங்கே இருக்கிறது. அது கவனக்குறைவு அல்ல. 'குழம்புகிறேன்' என்ற தமிழ் நிகழ்காலத்தை அவர்கள் ஒழுங்காகவே ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார்கள். தமிழில் தன்வினையும் பிறவினையும் கைகோத்து நிற்கின்றன: குழம்பு, குழப்பு, மயங்கு, மயக்கு, கலங்கு, கலக்கு. மெல்லெழுத்து வல்லெழுத்தானால் போதும், உணர்பவர் இடத்தில் தூண்டுபவர் வந்துவிடுவார். ஆங்கிலத்தில் குழப்பு மட்டும் இருக்கிறது, குழம்பு இல்லை. இதை ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பிழை பாதியாகக் குறையும். நம் பேச்சுத் தமிழ் இந்தக் குறையைத் தானாகவே சரிசெய்துவிட்டதையும் கவனிக்கலாம். 'கன்ஃபியூஸ் ஆயிட்டேன்', 'கன்ஃபியூஸ் பண்ணாதே' என்று ஆகுவையும் பண்ணுவையும் சேர்த்து, ஆங்கில வினைக்கு அதன் சொந்த மொழியில் கிடைக்காத இணையைப் பேச்சுத் தமிழ் கொடுத்திருக்கிறது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது சிக்கல் திசை மாறுகிறது. 'ஆய்வின் முடிவு மருத்துவர்களைத் திகைப்புக்குள்ளாக்கியது' என்று எழுதுவது பிழையில்லை; ஆனால் அது ஆங்கில எழுவாயைத் தூக்கிக்கொண்டு வந்த வாக்கியம். 'முடிவைப் பார்த்த மருத்துவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை' என்பது நம் வாக்கியம். உணர்பவரை நான்காம் வேற்றுமையில் முன்னால் நிறுத்துவது தமிழின் பழக்கம். தூண்டுவது உயிருள்ளதாக, தப்பிக்கும் எண்ணத்தோடு இருந்தால் 'போக்குக் காட்டு' என்ற அருமையான வழக்கு கைவசம் இருக்கிறது. வனத்துறையினருக்கு வாரக்கணக்கில் போக்குக் காட்டும் சிறுத்தையைப் பற்றிய செய்தியை எத்தனையோ முறை படித்திருக்கிறோம். ஆங்கில நிருபர் அங்கே பேஃபிளைத் தயங்காமல் எழுதுவார்.

'விஞ்ஞானிகள் திணறல்' என்ற தலைப்பு இரு மொழியிலும் மலிந்துவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது. விடை தேடத் தொடங்கியே இருக்காத கேள்விக்கும் அதைப் போடுகிறார்கள். அறிவியல் கைவிரித்துவிட்டது என்ற எண்ணம் வாசகர் மனதில் பதிகிறது. இந்த வினைக்கு உரிய உண்மையான நிகழ்வு எப்படி இருக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி ஒரு நல்ல சான்று. 1998 முதல் அங்கே அவ்வப்போது சில நொடித்துளி நேரக் குறிப்பலைகள் பதிவாகின. பூமியில் எழுந்தவைபோல் இருந்தாலும், தொலைதூர விண்வெளியிலிருந்து வரும் அலைகளின் சாயல் அவற்றில் இருந்தது. பெரிட்டான் என்று பெயரிட்டார்கள். 2007இல் அறிவிக்கப்பட்ட விண்வெளி வெடிப்பலை ஒன்றும் இதே சாயலில் இருந்ததால், அதுவும் உண்மைதானா என்ற ஐயம் எழுந்தது. 2015இல் எமிலி பெட்ரோஃப் தலைமையிலான குழு, தொலைநோக்கி வளாகத்தில் புதிதாக நிறுவிய குறுக்கீட்டுக் கண்காணிப்புக் கருவியின் பதிவுகளைப் பார்த்தது. பெரிட்டான் வரும் நேரத்திலேயே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையும் வந்துகொண்டிருந்தது. வளாகத்தின் மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிக்கொண்டிருப்பவர் நேரம் முடிவதற்குள் கதவைத் திறந்தால், அணையும் தறுவாயில் இருக்கும் மேக்னட்ரான் அந்த ஓர் இமைப்பொழுதில் அலையை வெளியே விடுகிறது.

அந்தப் பதினேழு ஆண்டுகளை எழுதும் ஆங்கிலக் கட்டுரையாளர் மூன்று வினைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். முதல் பதிவுகளைப் பார்த்து யோசித்தவர்களுக்கு பஸில். பூமியலையையும் விண்ணலையையும் ஒன்றோடொன்று கலந்துவிடும் அபாயத்துக்கு கன்ஃபியூஸ். பல வழியில் தேடியும் மூலம் சிக்காத ஆண்டுகளுக்கு பேஃபிள். தமிழில் 'யோசனையில் ஆழ்ந்தார்கள்', 'இதுவா அதுவா என்று பிரித்தறிய முடியவில்லை', 'திணறினார்கள்' என்று எழுதலாம். மூன்றுக்கும் 'குழம்பினார்கள்' என்று எழுதினால், அடுப்புக் கதவுவரை போய்ச் சேர்ந்த தேடலில் எந்த இடத்தில் என்ன நடந்தது என்று வாசகருக்குத் தெரியாமலே போகும்.